பழைய ஈ கிளாஸ் பென்ஸ்: கோளாறைப் பார்த்து வருடத்தைக் கண்டுபிடிப்பது

மட்டக்களப்புப் பக்கம் ஒரு பழைய ஈ கிளாஸ் விலைக்கு வந்திருக்கிறது என்றால், வாங்க நினைப்பவர் கேட்கும் முதற் கேள்வி "என்ன வருசம்?" தரகரும் அதற்குத் தயாராகவே இருப்பார். "2006 தம்பி, புது முகம், பயமில்லாம எடுக்கலாம்." இந்தப் பதிலில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமலும் இருக்கலாம். 2006 என்பது உற்பத்தியா, இலங்கையில் முதற்பதிவா? முகம் புதிதென்றால் பிறேக்கும் புதிதா? பயமில்லை என்பது எந்த எஞ்சினுக்கு?

ஈ கிளாஸில் வருடம் ஏற ஏறத் தரமும் ஏறிக்கொண்டே போகவில்லை. 2006இல் ஒரு பெரிய தலையிடி போனது. அதே காலத்தில் இன்னொன்று வந்து சேர்ந்தது. ஆகவே நல்ல நிலையில் உள்ள 2003 கார், நோயுள்ள 2007 காரை விட மேல் என்று தாராளமாகச் சொல்லலாம். கார் என்ன காட்டுகிறது, அது எந்தக் காலத்துப் பாகத்தின் குணம், அதை எப்படிச் சோதிப்பது, எடுப்பதா விடுவதா என்ற வரிசையில்தான் கீழே பார்க்கிறோம்.

எங்கள் வீதிகளில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு தலைமுறை. டபிள்யூ 211 என்பது 2002இல் வந்து 2009 வரை ஓடிய உடம்பு. நடுவில் 2006இல் முகமும் உள்ளுறுப்பும் மாறின. டபிள்யூ 212 என்பது 2009 தொடக்கம் 2016 வரை; அது 2013இல் மாறியது. நாலு கண் போல் பிரிந்திருந்த முன் லைட் ஒற்றையாகச் சேர்ந்திருந்தால் அது 2013க்குப் பிந்திய முகம். இந்த நான்கு பகுதிகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற கார்களே கைமாறிக் கைமாறிச் சுற்றியதால், இன்று விலைக்கு வரும் ஈ கிளாஸ் பலவற்றுக்கு நான்கைந்து உரிமையாளர்கள் இருப்பது அதிசயமில்லை.

போகும் முன்: எண்ணைப் படியுங்கள்

பதிவுப் புத்தகத்தின் படத்தை முதலே வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உற்பத்தி ஆண்டும் முதற்பதிவுத் திகதியும் அதில் வேறு வேறாக இருக்கும். ரீகண்டிஷனாக வந்த கார் என்றால் இரண்டுக்கும் இடையே சில வருட இடைவெளி இருப்பது வழமை. விற்பவர் எப்போதும் பிந்திய வருடத்தையே சொல்வார்.

செசி நம்பர் 17 இலக்கம். ஐரோப்பியச் சந்தைக்கும் எங்களைப் போன்ற நாடுகளுக்கும் வந்த பென்ஸில் பத்தாவது இடம் வருடத்தைக் காட்டாது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதைத்தான் காட்டும். 1 என்றால் இடம், 2 என்றால் வலம். இணையத்தில் கிடைக்கும் பொதுவான எண் படிக்கும் கருவிகள் அமெரிக்க முறையில் அந்த இடத்தை வருடமாக எடுத்துக்கொண்டு தாறுமாறாகச் சொல்லும். அதை வைத்து விற்பவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். உங்களுக்கு உண்மையில் உதவுவது 211க்கு அடுத்து வரும் மூன்று இலக்கம். ஈ 200 கொம்பிரசர் (பெற்றோல்) என்றால் 042 பழையது, 041 என்பது 2006க்குப் பிந்தியது. ஈ 220 சி.டி.ஐ. (டீசல்) என்றால் 006 பழையது, 008 புதியது. பம்பரும் லைட்டும் கொழும்புப் பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் வாங்கி மாட்டலாம். உடம்பில் வெட்டிய எண்ணை அப்படி மாட்ட முடியாது.

நேரம் முக்கியம். விடியக் காலையில் போங்கள், போவதற்கு முன் காரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போனவுடன் கையை பொனட் மேல் வையுங்கள். சூடாக இருந்தால் கதவைத் திறக்காமலே இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பலாம். கீழே உள்ள அறிகுறிகளில் பாதி, குளிர்ந்த காரில் முதல் நிமிடத்தில் மட்டுமே தெரியும்.

முதல் ஸ்டார்ட்டில் கட கட சத்தம், சில நொடியில் மறைகிறது

ஈ 200 கொம்பிரசரில் உள்ளது எம் 271 என்ற 1.8 லீற்றர் எஞ்சின். பழையதில் 163 குதிரைவலு, 2006க்குப் பிறகு 184. வலு கூடியது, நோய் மாறவில்லை. வால்வ் திறந்து மூடும் நேரத்தை நடத்தும் ஒற்றை வரிச் சங்கிலி காலத்தோடு நீளும், கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) பல்சக்கரத்தின் பற்கள் கூராகத் தேயும். இரவு முழுக்க ஒயில் கீழே வடிந்துவிட்ட எஞ்சினில் அழுத்தம் ஏறும் வரை அந்தத் தளர்வு சத்தமாகக் கேட்கும். டபிள்யூ 212இன் ஆரம்ப ஈ 200, ஈ 250 பெற்றோல் கார்களிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான், கொம்பிரசருக்குப் பதில் டர்போ. அங்கே சங்கிலியோடு கேம் சரிப்படுத்தியும் சேர்ந்து தேயும். 2013க்குப் பிறகு வந்த 2 லீற்றர் எம் 274 வேறு எஞ்சின். ஆனால் குளிர் ஸ்டார்ட்டில் கேம் சரிப்படுத்திச் சத்தம் அதிலும் கேட்கக்கூடியதுதான்.

எனவே "புது முகம் எடுத்தால் சங்கிலிப் பிரச்சினை இல்லை" என்பது சும்மா கதை. இந்த நோய்க்கு வருடம் பதில் சொல்லாது, ஒயில் மாற்றிய வரலாறுதான் பதில் சொல்லும். ஒயில் மூடியைக் கழற்றி உட்பக்கத்தைப் பாருங்கள். கறுத்த களி ஒட்டியிருந்தால் அந்தக் கார் நீண்ட இடைவெளியில், கண்ட ஒயிலில் ஓடியது. எம்.பி. 229.5 என்ற தரக்குறி போட்ட ஒயிலின் வெற்றுப் போத்தலோ பற்றுச்சீட்டோ விற்பவரிடம் இருந்தால் நல்ல அடையாளம்.

சத்தம் கேட்டால் உடனே காரை விட்டுவிட வேண்டியதில்லை. வால்வ் மூடியைக் கழற்றிப் பற்களைப் பார்க்க ஒரு மெக்கானிக்குக்கு அரை நாள் போதும். சங்கிலி, பல்சக்கரம், இறுக்கி மூன்றையும் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். "சங்கிலி மட்டும் மாத்தினது" என்று யாராவது சொன்னால் பாதி வேலை நடந்திருக்கிறது. தேய்ந்த பல்லில் புதுச் சங்கிலி அதிக காலம் நிற்காது. அது பல் தாண்டினால் வால்வ் பிஸ்டனில் போய் அடிக்கும். அதற்குப் பிறகு பேச்சு எஞ்சின் மாற்றுவதைப் பற்றித்தான்.

மீற்றரில் பிறேக் எச்சரிக்கை, கராஜுக்குப் போ என்கிறது

இதுதான் 2006 என்ற கோட்டின் உண்மையான பொருள். 2002 முதல் 2006 நடுப்பகுதி வரை வந்த டபிள்யூ 211இல் எஸ்.பி.சி. என்ற மின் பிறேக் இருக்கிறது. சாதாரண காரில் உங்கள் கால் தள்ளும் எண்ணெய்தான் சில்லைப் பிடிக்கும். இதில் கால் தள்ளுவது ஒரு கட்டளை மட்டுமே. பம்பு ஒன்று எண்ணெயை உயர் அழுத்தத்தில் சேர்த்து வைத்திருக்கும். கணினி ஒவ்வொரு சில்லுக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை அனுப்பும். நன்றாக இருக்கும்போது அருமையான பிறேக். மழையில் பிறேக் தட்டை அடிக்கடி மெல்லத் தொட்டு ஈரத்தைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு கெட்டிக்காரத்தனம். ஆனால் 2004 மே மாதம் 6 இலட்சத்து 80 ஆயிரம் கார்களை நிறுவனம் திருப்பி அழைக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடம் இன்னும் பெரிய அழைப்பு. 2006 மாற்றத்தோடு ஈ கிளாஸில் இருந்து எஸ்.பி.சி. எடுக்கப்பட்டு, பழைய வெற்றிடச் சேவோ (காலின் தள்ளலுக்குப் பலம் சேர்க்கும் வட்டப் பெட்டி) பிறேக் திரும்ப வந்தது.

எஸ்.பி.சி. இருக்கிறதா இல்லையா என்று அறிய ஸ்கேன் (காரின் கணினியைக் கருவியால் படிப்பது) வேண்டாம். அமைதியான இடத்தில் பொனட்டைத் திறந்து ஒருவரை அதன் பக்கத்தில் நிறுத்துங்கள். கார் பூட்டியபடி சில நிமிடம் கிடக்கட்டும். பிறகு சாரதிக் கதவைத் திறந்தால், எஞ்சின் ஓடாமலே "ர்ர்ர்" என்று ஒரு சிறு மோட்டர் இரைச்சல் வந்து நிற்கும். அது எஸ்.பி.சி. பம்பு அழுத்தம் சேர்க்கும் சத்தம். இன்னொரு வழி, பிறேக் எண்ணெய்த் தாங்கிக்குப் பின்னால் சாரதிப் பக்கச் சுவரில் அந்தப் பெரிய வட்டச் சேவோ இருக்கிறதா என்று பார்ப்பது. சேவோ இருந்தால் எஸ்.பி.சி. இல்லை. புது முகம் மாட்டிய 2004 கார் இந்த இரண்டு சோதனையிலும் பிடிபடும்.

எச்சரிக்கை ஏன் வருகிறது? பல காரணம் இருக்கலாம், பலவீனமான பற்றறி கூட. ஆனால் அதிகமாகக் காண்பது ஆயுள் எண்ணிக்கை முடிவது. இந்தப் பம்பு நீங்கள் பிறேக் மிதிப்பதை எண்ணிக்கொண்டே வரும். குறித்த எண்ணிக்கை தாண்டினால், நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலும் எச்சரிக்கை போடும். காத்தான்குடிப் பேரீச்ச மர வீதியில் மாலை நேரம் ஒரு தடவை போய்வந்தால் எத்தனை மிதி என்று நினைத்துப் பாருங்கள். நகரத்தில் ஓடிய காரில் கிலோமீற்றர் குறைவாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் இருப்பது இயல்பு. பம்பு முழுதாகக் கைவிட்டால் பின்னணி ஏற்பாடாக முன் சில்லுகள் மட்டும் பிடிக்கும். பெடல் ஆழமாகப் போகும், முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். அதை முன்பின் அறியாதவர் பிறேக் இல்லை என்றே நினைப்பார்.

இங்கேதான் விற்பனைத் தந்திரமும் இருக்கிறது. எண்ணிக்கையைப் பூச்சியமாக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எச்சரிக்கை போய்விடும், பம்பின் மோட்டர் பழையதேதான். என் கருத்து: பூச்சியமாக்கிய பம்பைப் பழுதுபார்த்த பம்பு என்று யாரும் எழுதித் தந்தாலும் ஏற்க வேண்டாம். பென்ஸின் பகுதிகளைப் படிக்கும் ஸ்கேன் கருவியில் எஸ்.பி.சி. எண்ணிக்கையைப் பார்த்து, மீற்றரில் உள்ள கிலோமீற்றரோடு ஒப்பிடுங்கள். ஒன்றரை இலட்சம் கிலோமீற்றர் ஓடிய காரில் எண்ணிக்கை சில ஆயிரம் என்றால், பம்பு மாற்றப்பட்டிருக்க வேண்டும் அல்லது அழிக்கப்பட்டிருக்க வேண்டும். மாற்றியதென்றால் பற்றுச்சீட்டு இருக்கும். மறுபக்கமும் பாருங்கள்: மீற்றர் 80 ஆயிரம் காட்ட, எண்ணிக்கை எல்லைக்குக் கிட்ட நின்றால் மீற்றரைச் சுற்றியிருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு. உடைத்த காரில் இருந்து எடுத்த பழைய பம்பு மலிவாகக் கிடைக்கும். அதற்குள்ளும் ஒரு பழைய எண்ணிக்கை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இந்தக் காரை வாங்கினால் ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கருவியால் எஸ்.பி.சி.யை நிறுத்தாமல் பிறேக் பாட் கழற்ற யாரையும் விடாதீர்கள். யாராவது கதவைத் திறந்தாலே அமைப்பு விழித்து, பாட்டை அழுத்தும் கலிப்பரை இறுக்கலாம். விரல் நடுவில் இருந்தால் போனதுதான். ஊரில் நல்ல கைப்பழக்கமுள்ள பாஸ்மார் இருக்கிறார்கள், ஆனால் கொரோல்லாவில் இருபது வருடம் பாட் மாற்றிய கைக்கு இந்த ஆபத்து பழக்கமில்லை. கேட்டுப் பாருங்கள், தெரியாதென்றால் வேறு இடம் போங்கள்.

சீரான வேகத்தில் நடுக்கம்

50க்கும் 70க்கும் இடையில், ஆக்சிலேற்றரை மெல்லப் பிடித்துக்கொண்டு போகும்போது, வீதியில் போட்ட அதிர்வுக் கோடுகள் மேல் போவது போல ஒரு நடுக்கம் சில நொடி வந்து போகும். ரயர் சமநிலை என்று விற்பவர் சொல்வார். ரயர் என்றால் வேகத்தோடு நிலையாக இருக்கும். இது காலை எடுத்தால் நின்றுவிடும்.

இது 2003க்கும் அதற்கு முந்திய கார்களுக்கும் உரிய அறிகுறி. அந்தக் காலத்தில் பொருத்திய "வலியோ" (Valeo) நிறுவன ரேடியேற்றரின் உள்ளே, கியர் ஒயிலும் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டும் ஒன்றோடொன்று கசிந்து கலந்தன. ஒயிலில் கூலன்ட் மிகச் சிறிதளவு சேர்ந்தாலே கியர்பொக்ஸின் உராய்வுத் தட்டுகள் கெடும். ரேடியேற்றரின் பக்கத்தில் ஒட்டிய பெயரைப் படியுங்கள். "பேர்" (Behr) என்ற நிறுவனப் பெயரோ புதிய ரேடியேற்றரோ இருந்தால் யாரோ முன்பே கவனித்திருக்கிறார்கள். வலியோ அப்படியே இருந்து நடுக்கமும் இருந்தால், ரேடியேற்றர், டோர்க் கொன்வேட்டர் (எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் பகுதி), முழு ஒயில் கழுவல் என்று மூன்று செலவு வரும். அது கூடி கியர்பொக்ஸ் விலைக்கே போய்விடும். அந்தக் காரை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

இதைச் சோதிக்க நகருக்குள் இடமில்லை. செங்கலடியில் கிறுகி மகா ஓயா வீதியில் போனால் நீண்ட நேர்ப்பாதை கிடைக்கும். சட்ட வேக எல்லை 70 என்பதால் அந்த எல்லைக்குள்ளேயே சோதனை முடிந்துவிடுகிறது.

ஒரே கியரில் சிக்கி நிற்கிறது

ஈ 200, ஈ 220 சி.டி.ஐ. ஆகியவற்றில் 2006க்குப் பிறகும் ஐந்து கியர் ஒட்டோதான் இருந்தது. இதில் கோளாறு வந்தால் பெட்டி இரண்டாவது கியரில் பூட்டிக்கொள்ளும். நிறுத்தி அணைத்து ஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடும், மறுகா திரும்ப வரும். பெட்டிக்கு உள்ளே உள்ள மின் தட்டு, அதற்குப் போகும் 13 முனைச் செருகியின் ரப்பர் வளையம் இரண்டும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. அந்த வளையம் சில ஆயிரம் ரூபாய் விடயம். கசிந்தால் ஒயில் வயருக்குள்ளேயே ஏறிக் கணினிப் பெட்டி வரை போகும். செருகியைக் கழற்றி விரலால் தடவினால் தெரிந்துவிடும். முழுக் கியர்பொக்ஸும் போய்விட்டது என்று மதிப்பீடு சொல்லும் கராஜில், இந்த இரண்டையும் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

பெரிய எஞ்சின்களில் வந்த ஏழு கியர் பெட்டியில் வேக உணரிகளும் கணினியும் ஒரே தட்டில் பெட்டிக்கு உள்ளே இருக்கின்றன. அது கெட்டால் புதுத் தட்டைக் காரின் எண்ணோடு பிணைக்க வேண்டும்; மட்டக்களப்பில் எல்லோராலும் முடிகிற வேலையல்ல. விலை பேசும்போது கொழும்புக்குக் கொண்டுபோகும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் லைட் எரிகிறது, ஓட்டத்தில் குறை தெரியவில்லை

ஈ 200 என்றால் முதலில் கேம் நேரத்தை மாற்றும் காந்தங்களின் செருகியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒயில் பிசுபிசுப்பு இருந்தால் அதுதான் தொடக்கம். மலிவான காந்தம், மலிவான இடை வயர். கவனிக்காமல் விட்டால் ஒயில் வயர்ச் சுருள் வழியே எஞ்சின் கணினி வரை ஊறும். அங்கே மலிவு என்ற பேச்சே இல்லை.

ஈ 230, ஈ 280, ஈ 350 என்றால் நிலைமை வேறு. 2005 முதல் வந்த எம் 272 வி ஆறு எஞ்சினில், ஆரம்பத் தொகுதிகளில் சமநிலைத் தண்டின் (எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் தண்டு) பல்சக்கரம் தரம் குறைந்த உலோகம். பற்கள் தேயத் தேய கேம் நேரம் பிந்தும். ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது, லைட் மட்டும் எரியும். பென்ஸ் கருவியில் 1200, 1208 என்ற குறியீடுகள் வரும். சாதாரணக் கருவியில் பி 0016 போன்றவை. சரிசெய்ய எஞ்சினையே இறக்க வேண்டும்.

எஸ்.பி.சி.க்குப் பயந்து 2006க்குப் பிந்திய ஈ 280 தேடிப் போகிறவர் நேராக விழும் குழி இது. நல்ல விடயம் என்னவென்றால் காரைப் பார்க்கும் முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிறது. 272 என்று தொடங்கும் அந்த எண்ணில், 30க்குப் பின் வரும் கடைசி ஆறு இலக்கம் 468993 வரை என்றால் பாதிக்கப்பட்ட தொகுதி. அதற்கு மேல் என்றால் மாற்றிய உலோகம். தொகுதிக்குள் இருந்தும் பழுது பார்த்த சான்று இல்லையென்றால், லைட் எரியாவிட்டாலும் விலையைக் கீழே இறக்குங்கள். பழைய எம் 112 எஞ்சின் உள்ள ஈ 240இல் இந்தப் பிரச்சினையே இல்லை. பெற்றோல் குடிக்கும், வேகம் சுமார், ஆனால் எஞ்சின் இரும்பு மாதிரி உறுதி. எஸ்.பி.சி. பம்பு மாற்றிய சான்றோடு ஒரு 2004, 2005 ஈ 240 கிடைத்தால், எனக்கு அது 2006 ஈ 280ஐ விட நிம்மதி.

காலையில் ஒரு பக்கம் குந்திக் கிடக்கிறது

காற்றுச் சஸ்பென்ஷன், அதாவது சுருள் வில்லுக்குப் பதில் காற்றுப் பைகள். எல்லா ஈ கிளாஸிலும் இல்லை. ஈ 500இல் கட்டாயம், மற்றவற்றில் விருப்பத் தெரிவு. காரின் விருப்பக் குறியீட்டுப் பட்டியலில் 489 இருந்தால் உண்டு. இரவு கிடந்த காரின் நான்கு சில்லு வளைவிலும் விரல் இடைவெளியைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒரு முன் மூலை மட்டும் எழும்பினால் அந்தச் சில்லின் காற்றுத் தூண் கசிகிறது. கசிவை ஈடுகட்டக் காற்றடிக்கும் கொம்பிரசர் ஓயாமல் ஓடி அதுவும் எரியும், ஆகவே இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 489 இருந்தும் கீழே சுருள் வில் தெரிந்தால் யாரோ மாற்றிவிட்டார்கள். மீற்றர் எச்சரிக்கையை எப்படி அணைத்தார்கள் என்று கேளுங்கள்.

திறப்பைப் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை

கதவு ரிமோட்டுக்குத் திறக்கிறது, உள்ளே திறப்பைப் போட்டால் மீற்றர் இருட்டு, ஸ்டியரிங் பூட்டியபடி. டபிள்யூ 212இன் பெயர்போன நோய் இது. அதே காலத்துச் சீ கிளாஸ் டபிள்யூ 204இலும் உண்டு. ஸ்டியரிங் பூட்டைத் திறக்கும் சின்ன மோட்டர் தேய்ந்து போகிறது. பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்கும்: திறப்பைப் போட்டதும் வர வேண்டிய "விசுக்" சத்தம் தாமதமாகும், இழுக்கும், சிலவேளை இரண்டாம் முறைதான் வரும். பார்க்கப் போன இடத்தில் திறப்பைத் திரும்பத் திரும்பப் போட்டு எடுங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. தயக்கம் தெரிந்தால், முழுதாக நிற்பதற்கு முன் மாற்றிவிடுவது லேசு. நின்ற பிறகு கார் தள்ளவும் முடியாது, ஸ்டியரிங்கும் திரும்பாது. கருவியோடு ஆள் உங்கள் வாசலுக்கு வர வேண்டும்.

டிக்கியில் ஈரம், லைட்டுகள் கண்டபடி

வைப்பர் தானாக ஓடுகிறது, பின் லைட் எரிந்து அணைகிறது, இரவோடு இரவாகப் பற்றறி இறங்குகிறது. கார்த்திகை, மார்கழி மாரியில் இவை கூடினால் தண்ணீரைத் தேடுங்கள். டபிள்யூ 211இல் பின் லைட்டின் ரப்பர் இறுகிப்போய் டிக்கிக்குள் நீர் இறங்கும். பிரதான பற்றறி டிக்கித் தரைக்குக் கீழே. பின்பக்கப் பியூஸ் பெட்டி பக்க உறைக்குப் பின்னால். இரண்டும் நனையும். முன்பக்கம், கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் வேப்பஞ் சருகால் அடைத்தால் முன் மின் பெட்டி நனையும். வேம்பின் கீழ் நிறுத்திய கார் என்றால் முதலில் அங்கே கை விடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற காரை வேறாக அறிய வேண்டும். சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு பாருங்கள். காப்பெட்டை மட்டும் தொட்டால் காய்ந்திருக்கும். அதன் கீழே உள்ள தடித்த பஞ்சை அழுத்துங்கள், அது வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைக்கும். ஈரம் வந்தால் வருடம், எஞ்சின், விலை எதுவும் பேச வேண்டாம். வாவியும் கடலும் சேரும் ஊரில் ஏறிய நீரில் உப்பு இருக்கும், உப்புப் பட்ட வயர்ச் சுருளுக்கு முடிவே இல்லை.

அடிப்பக்கம் பார்க்க லிப்ட் உள்ள சேர்விஸ் நிலையத்துக்கு ஒரு தடவை ஏற்றுங்கள். கல்லடி, பாசிக்குடா போன்ற கரையோரத்தில் நின்ற காரிலும் இங்கிலாந்தில் இருந்து வந்த காரிலும் பின் சில்லுகளைத் தாங்கும் சப்பிரேமும் பிறேக் குழாய்களும் துருப்பிடித்திருக்கலாம். இங்கே உப்புக் காற்று, அங்கே பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு.

டீசல் திடீரென்று வலுவிழந்து நடுங்குகிறது

டபிள்யூ 212 ஈ 220, ஈ 250 சி.டி.ஐ. கார்களில் 2011 வரையான முதல் தொகுதிகளில் டெல்பி நிறுவனத்தின் பீசோ (மின் படிகத்தால் இயங்கும்) இன்ஜெக்டர்கள், அதாவது டீசலைத் தெளிக்கும் முனைகள், இருந்தன. ஏராளமாகக் கெட்டு, சொலினோயிட் (மின்காந்த) வகையாக மாற்றப்பட்டன. நான்கும் மாற்றிய சான்று இருந்தால் 2010ஐயும் தயங்காமல் பார்க்கலாம். இல்லையென்றால் 2012க்கு மேல் தேடுங்கள். இந்த எஞ்சினில் சங்கிலி கியர்பொக்ஸ் பக்கம் இருக்கிறது என்பதால், சங்கிலிச் சத்தம் கேட்டால் வேலை பெரிது.

டீசல் கார் எந்த டீசலில் ஓடியது என்றும் கேளுங்கள். சாதாரண ஒட்டோ டீசலில் கந்தகம் கூட, புகை வடிகட்டி உள்ள எஞ்சினுக்குச் சூப்பர் டீசல்தான் பொருந்தும். ஈ 300 டீசல் ஹைபிரிட்டும் இதே எஞ்சின் குடும்பம்தான். அதன் லிதியம் பற்றறி வெறும் 0.8 கிலோவாட் மணி அளவு, இருப்பது பொனட்டுக்குக் கீழே. கச்சான் வீசும் ஆடி மாத மதியத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, கலங்களின் மின்னழுத்தம் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகிறது என்று ஸ்கேனில் பார்த்தால்தான் அதன் நிலை தெரியும். காலை ஏழு மணிக்குப் பார்த்தால் எல்லாப் பற்றறியும் நல்ல பற்றறிதான்.

ஏ.சி. ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு என்றால் முதலில் காஸ் அளவு, பிறகுதான் வால்வ். அதற்காகக் காரை ஒதுக்க வேண்டாம்.

ஸ்கேனில் ஒரு பிழையும் இல்லை

இதையும் ஒரு அறிகுறியாகவே எடுக்கிறேன். பதினைந்து, இருபது வருடக் காரில் ஏதாவது ஒரு மூலையில் ஒரு பழைய குறியீடு, குறைந்தது ஒரு தாழ்ந்த மின்னழுத்தப் பதிவாவது, கிடக்கும். எல்லாப் பகுதியும் துடைத்து வைத்தது போல் இருந்தால் நேற்றிரவு யாரோ அழித்திருக்கலாம். எஞ்சின் பகுதியில் சுயசோதனைகள் முடிந்தனவா என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் "முடியவில்லை" என்றால் அழித்தது அண்மையில்தான். எம் 272இன் 1200, 1208 குறியீடுகள் அழித்தவுடன் திரும்புவதில்லை. ஓடிச் சூடேறிய பிறகே வரும்.

எனவே முதல் ஸ்கேனுக்குப் பிறகு காரை எடுத்துக்கொண்டு கல்முனை வரை போய்வாருங்கள். போக 40 கிலோமீற்றர் அளவு. காத்தான்குடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் ஊர்ந்து போவதில் கியரும் பிறேக்கும் வேலை செய்யும், இடையில் ஏ.சி.யும் ஓடும். திரும்பி வந்து எஞ்சினை அணைக்காமல் அதே கருவியை மாட்டி எல்லாப் பகுதியையும் திரும்பப் படியுங்கள். இரண்டாவது பட்டியலில் புதிதாக வந்தவைதான் விலை பேச வேண்டிய பட்டியல். எரிபொருட் செலவு உங்களுடையது என்று சொன்ன பிறகும் இந்த ஓட்டத்துக்கோ இரண்டாவது ஸ்கேனுக்கோ விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் முற்பணம் கொடுக்காதீர்கள்.